நாணல்துறை மணல்மேடு

நாணல்துறை என்ற பேரைச் சொன்னால் கால்வாய் நெடுக எந்தப் படகுக்காரரும் காறித் துப்புவார். ஊருக்கு நேரே தண்ணீருக்குள் ஒரு மணல்மேடு கிடந்தது. வருகிற படகெல்லாம் அதில் தட்டி நின்றுவிடும். தண்ணீர் ஏறும்வரை படகுக்காரர்கள் கரையில் உலை வைப்பார்கள், மீன் பொரிப்பார்கள். மீன்தலை எல்லாம் செவலை நாய்க்கு.

அவர்கள் மேட்டை வைதால் ஊரும் சேர்ந்து வையும். வயிறு நிறைந்த செவலையும் குரைக்கும்.

"உன்னால ஊர் மானமே போகுது! நீ தொலைஞ்சா நூறு படகு வரும். எத்தனை மீன்தலை, நினைச்சுப் பாரு!"

"வரும், வரும்" என்றது மேடு.

கோடையில் தண்ணீர் வற்றியதும் ஊர்த்தலைவர் மாசிலாமணி மண்வெட்டியோடு முதல் ஆளாக இறங்கினார். ஊரே திரண்டு மேட்டை வெட்டி அள்ளிக் கரையில் குவித்தது. செவலையும் தன் பங்குக்கு நாலு காலாலும் பறித்தது.

மழை வந்தது, கால்வாய் நிறைந்தது. படகுகளும் வந்தன. செவலை துறையில் நின்று வாலை ஆட்டியது. ஒன்றுகூட நிற்கவில்லை.

"நீ சொன்ன மாதிரியே நூறு வந்துடுச்சே" என்றது கரையில் குவிந்து கிடந்த மணல்.

செவலை கரையில் ஆறிக் கிடந்த அடுப்புக் கற்களை மோந்து பார்த்தது.

அடுத்த வருஷம் ஒரு நாள், போகிற போக்கில் ஒரு படகுக்காரர் கரையைப் பார்த்துக் கேட்டார்:

"இது எந்த ஊருப்பா?"

செவலை தொண்டை கிழியக் குரைத்தது. அதற்குள் படகு வளைவைத் தாண்டிவிட்டது.