அசையாம படுங்க

“அசையாம படுங்க சார், ஊசி வளைஞ்சிடும்.”

அக்குபஞ்சர் அம்மா மறுபடியும் அதட்டினார். கட்டிலில் கிடந்தவரின் முழங்காலுக்குக் கீழேயும் வயிற்றிலும் மெல்லிய ஊசிகள் ஆடிக்கொண்டிருந்தன. வலியால் அல்ல. மனுஷனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

நிலைகொள்ளாமல் தவித்தது அவர் மனைவிதான். ஸ்டூலில் உட்காருவாள், எழுந்திருப்பாள், ஜன்னல் வரை போவாள், செல்போனை எடுத்துப் பார்ப்பாள். காலையில் அவள் ஷிஃப்டுக்குக் கிளம்பிய பிறகு லேப்காரர் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போயிருந்தார். ரிசல்ட்டைத் தன் நம்பருக்குத்தான் சொல்ல வேண்டும் என்று அவள் முன்கூட்டியே கறாராகச் சொல்லியிருந்தாள்.

“எதுக்கு இப்படி உலாத்தற? உனக்கும் ரெண்டு ஊசி போடச் சொல்லவா?”

“கிண்டலெல்லாம் வேணாம். கொலஸ்ட்ரால் குறையலைன்னா நாளைலேர்ந்து மாத்திரைதான். எண்ணெயில பொரிச்சது எதுவும் வீட்டு வாசப்படி ஏறக் கூடாது. அப்புறம் பேச்சு மாறக் கூடாது, சொல்லிட்டேன்.”

“இரு, இரு. ஊசி பண்ற வேலையைப் பார்க்கத்தானே போற!”

“என்னை இழுக்காதீங்க சார்,” என்றார் ஊசிக்கார அம்மா. “டாக்டர் குடுத்த மாத்திரையை விடாதீங்கன்னு முதல் நாளே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். நீங்க கேட்டாத்தானே!”

கதவோரம் நின்ற மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அக்கா புருஷனின் எல்லா வம்புக்கும் அவன் கூட்டாளி. காலையும் மாலையும் ஓடுகிறவன். இப்போதும் மைதானத்திலிருந்து நேராக வந்திருந்தான். ஓடுகிற ஷூ, நனைந்த பனியன், கை மடிப்பில் ஒரு பிளாஸ்டர், தோளில் துண்டு, ஒட்டின வயிறு.

போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“கொலஸ்ட்ரால் முந்நூத்தி எழுபது மேடம். ரொம்பவே அதிகம். தள்ளிப்போடாம ஹார்ட் டாக்டரைப் பாருங்க.”

அவர் முகத்திலிருந்த சிரிப்பு எங்கோ போய்விட்டது. படுத்தபடியே தலையைத் திருப்பி மச்சினனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அவனை ஏன் பாக்கறீங்க? அவன் வந்து காப்பாத்துவானா?” அவள் வெடித்தாள். “போன தடவை இருநூத்தி அறுபது. இப்போ நூறுக்கு மேல ஏறியிருக்கு! அவனும் உங்களை மாதிரி பிள்ளை குட்டிக்காரன்தான். உடம்பை எப்படி வெச்சிருக்கான் பாருங்க!”

“இல்ல, நான் என்ன சொல்றேன்னா...”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்!” அதற்கு மேல் அவளுக்குக் கோபம் நிற்கவில்லை, அழுகைதான் வந்தது. “எங்கப்பாவும் ஒல்லியாத்தான் இருந்தாரு. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. நாப்பத்தி மூணு வயசுல பஸ்ஸுக்கு நின்னவர் அப்படியே சரிஞ்சிட்டாரு. ரத்தத்துல அவ்ளோ கொழுப்பு இருந்ததுன்னு அப்புறம்தான் சொன்னாங்க. இவனை இடுப்புல வெச்சுக்கிட்டு நின்னேன் அன்னைக்கு. இன்னொரு தடவை என்னால முடியாதுங்க.”

அவர் ஊசிகளோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“ஐயோ, அசையாதீங்க!” ஊசிக்கார அம்மா பாய்ந்து வந்து பிடித்தார். அவர் காதில் விழவில்லை.

“மாப்ளே, நீ முதல்ல உக்காரு. நிக்காதே,” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

மச்சினன் சுவரில் சாய்ந்து மெல்லத் தரையில் உட்கார்ந்தான். கை மடிப்பிலிருந்த பிளாஸ்டரை அவன் விரல் தடவிக்கொண்டிருந்தது.

“அக்கா,” என்றான். “காலையில லேப்காரர்கிட்ட கையை நீட்டினது நான்.”