கேட்பவர் கட்டணம்

"ரேடியோ வெச்சிருக்கிற வூட்டுக்காரங்க மாசாமாசம் ஏதாச்சும் குடுத்தாத்தான் விளம்பரம் இல்லாம நடத்த முடியும். இல்லேன்னா மூட வேண்டியதுதாம்மா," என்றார் சமுதாய வானொலி இயக்குநர் குருமூர்த்தி.

"எங்க வூட்ல ரேடியோ இல்லீங்க சார்," என்றாள் கண்ணகி.

மீன்சுருட்டியில் எல்லா வீட்டிலும் இதே பதில்தான். ஆனால், நேற்றைய முந்திரிச் சாகுபடி நிகழ்ச்சியை எல்லோருமே வரி பிசகாமல் ஒப்பித்தார்கள். குருமூர்த்திக்குத் தலை சுற்றியது.

"ரேடியோவே இல்லாம எப்படிம்மா கேக்குறீங்க?"

"திறப்பு விழாவுல நீங்க பேசுறத ஊரே கேக்கணும்னு தண்ணித் தொட்டி மேல ஸ்பீக்கர் கட்டுனீங்களே, அதுலதான்."

"நாளைக்கே அவுத்துடுறேன்."

"அவுத்துடுங்க சார். ஆனா, தெனமும் காலையில அரைமணி நேரம் நீங்க பேசுறீங்களே, அத அப்பறம் யாரு கேப்பா?"

குருமூர்த்தி ரசீதுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார்.

"சத்தம் போதுமாம்மா?"