சிலுப்பாத சேவல்

"மஞ்சப்பொடி டப்பா காலி மாமா! போன வாரந்தானே வாங்கினேன், யாரு தின்னது?"

அடுப்படியிலிருந்து குணசுந்தரி கத்தினாள். வாசலில் குந்தியிருந்த சின்னசாமி காதில் விழாதவன் போல இருந்தான். அவன் தோளில் உட்கார்ந்திருந்த தொரைதான் "கொக்கக்" என்று பதில் சொன்னது.

தொரை வேறு யாருமில்லை, அவர்கள் வீட்டு வெள்ளைச் சேவல். பேத்தமங்களா சந்தையில் கையளவு குஞ்சாக வாங்கி வந்தது. வளர வளர நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சுரங்கத்து வெள்ளைக்காரர்கள் மாதிரியே தொழிலாளர் லைன் வீடுகளை மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தது. பேரும் தானாக ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் சுரங்கத்தில் ஷிப்ட் விட்டதும் தெருத் திருப்பத்துக்கே போய்ச் சின்னசாமியைத் தோளேறி அழைத்து வரும். அவன் தூக்குவாளியில் மிச்சமிருக்கும் களி அதற்குத்தான். ஒருநாள் களி மிச்சமில்லை என்றால் போச்சு, ராத்திரி முழுக்க அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பார்வதம்மா குனிந்தால் கொண்டைப் பூவைப் பிடுங்கும். குணசுந்தரி அழுதால் மட்டும் சேட்டையெல்லாம் விட்டுவிட்டு அவள் மடியில் வந்து தலையை வைத்துக்கொள்ளும்.

அந்தத் தொரையைத்தான் இன்றைக்கு முனீஸ்வரனுக்கு வெட்டப் போகிறார்கள்.

வேண்டிக்கொண்டவளே குணசுந்தரிதான். போன மாசம் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ், அந்த இரும்புக் கூண்டு, ஷாஃப்ட் குழியின் நடுவில் சிக்கிக்கொண்டது. பதினோரு பேர் ஒரு ராத்திரி, ஒரு பகல் இருட்டில் தொங்கினார்கள். அதில் ஒருவன் சின்னசாமி. ஷாஃப்ட் வாயில் நின்று மாரில் அடித்துக்கொண்டவளுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். "முனீஸ்வரா, எம் புருசனை மேல ஏத்திக் குடு. எஞ் சேவலை உனக்குத் தரேன்!"

ஏற்றிக் கொடுத்துவிட்டார். ஒரு கீறல் இல்லாமல் வந்து நின்றான். சந்தோஷத்தில் அழுது முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. தள்ளிப் போடவும் பயம். நாளைக்கும் அதே கயிற்றில்தானே அவன் இறங்க வேண்டும்?

"உனக்கு மனசே இல்லியா மாமா? கல்லு மாதிரி குந்திகினு கீறே!"

"நேந்துகினது நீ. என்னை இன்னா பண்ணச் சொல்றே? நேரமாவுது, கிளம்புமே."

பார்வதம்மாவிடம் மஞ்சள் கடன் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிப் போக அவளுக்கு மனம் வரவில்லை. தேவையும் இல்லை. தொரை தானே முன்னால் நடந்தது, திருவிழாவுக்குப் போகிற மாதிரி. நடுநடுவே நின்று, 'இன்னும் இன்னா ஆடி அசைஞ்சு வரீங்க?' என்று திரும்பிப் பார்த்தது.

கோயில் வேப்பமரத்தடியில் பூசாரியின் கருப்புக் கடா அசை போட்டுக்கொண்டிருந்தது. போன வருஷம் பூசாரி கால் முறிந்து எழுந்தபோது நேர்ந்துவிட்ட கடா அது. சாமி உத்தரவு தராததால் தப்பித்தது. அன்றிலிருந்து அதற்குத் தனி மரியாதை. குணசுந்தரியும் அதன் கொம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இன்னாம்மா, முறை தெரியுமில்ல?" என்றார் பூசாரி கடுகடுவென்று. "மஞ்சத்தண்ணி ஊத்துவேன். சிலுப்பிச்சுன்னா சாமி உத்தரவு குடுத்துட்டாருன்னு அர்த்தம். அப்புறம் அழுவக் கூடாது."

ஒரு சொம்பு ஊற்றினார். கோழி ஜாதி ஒரு துளி பட்டாலே உதறும். தொரை அசையவில்லை.

இரண்டாவது சொம்பு. தொரை கண்ணை மூடிக்கொண்டது.

மூன்றாவது சொம்பையும் தலையோடு கவிழ்த்தார். மூக்கு நுனியில் மஞ்சள் தண்ணீர் சொட்ட, 'இங்கேயும் கொஞ்சம்' என்பது போல ஒரு இறக்கையைத் தூக்கிக் கொடுத்தது தொரை! சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள்.

பூசாரி சொம்பைக் கீழே வைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "சாமிக்கு வேணாமாம். ஒரு பூசணிக்காய் ஒடைச்சுடு. வேண்டுதல் தீந்துபோச்சு."

"நெசமாவா? எம் புருசனுக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஒண்ணும் ஆவாது, போம்மா. நான் சொல்றேன்."

குணசுந்தரி அங்கேயே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நனைந்த சேவல் வழக்கம்போல் அவள் மடியில் ஏறிப் புடவையை மஞ்சளாக்கியது. அப்பாடா! நெஞ்சில் ஒரு மாசமாய்க் கிடந்த பாறாங்கல் உருண்டு போனது. புருஷனும் உண்டு, சேவலும் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் கால் கழுவ ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்கினான் சின்னசாமி. அவ்வளவுதான், எங்கிருந்தோ ஓடி வந்த தொரை சொம்புக்குக் கீழே விறைப்பாக நின்று கண்ணை மூடிக்கொண்டது. அலகை மட்டும் ஆவென்று திறந்து வைத்திருந்தது. அவன் கையும் யோசிக்காமல் இடுப்பு மடியிலிருந்து ஒரு சிட்டிகை கேழ்வரகை எடுத்து அதன் வாயில் போட்டது.

குணசுந்தரி சேவலைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். காலி டப்பா ஞாபகம் வந்தது.

"அடப்பாவி மாமா! சாமியையே ஏமாத்தினியா? பூசாரிக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்?"

"வழி சொல்லிக் குடுத்ததே அவருதாம்மே" என்றான் சின்னசாமி, தொரையின் தலையைப் பெருமையாகத் தடவிக்கொண்டே. "அவரு கடாவுக்கு முழுசா ஒரு மாசம் புடிச்சுதாம். நம்ம தொரை பதினஞ்சே நாள்ல கத்துகிச்சு!"