பத்தடி தள்ளி இன்னொரு டப்பா

“குனியாதே வசந்தி. குடைக்காரன் ஒருத்தன் நம்மளையே பாக்குறான்.”

“பாத்தா பாக்கட்டுமே. நாம என்ன கொலையா பண்ண வந்திருக்கோம்?”

“யாரும் பாக்காம எடுக்கணும். அதுதான் விதி.”

கையிலிருந்த கருவியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார் பன்னீர்செல்வம். கல்கத்தா கார்டன் ரீச்சில் ரயில்வே அதிகாரி. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய் முழங்காலில் சேறோடு திரும்பியவர், இன்றைக்குத்தான் மனைவியையும் படகில் ஏற்றி, அக்கரையில் இருந்த பொட்டானிக்கல் கார்டனுக்கு அழைத்து வந்திருந்தார்.

“இன்னொரு தடவை சொல்லுங்க. யாரோ ஒருத்தன் டப்பாவை ஒளிச்சு வெப்பான்...”

“ஆமா. அந்த இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகையை இன்டர்நெட்டுல போடுவான். இந்த மெஷின் செயற்கைக்கோளைக் கேட்டு நமக்கு வழி காட்டும். ஜியோகேச்சிங்னு பேரு. உலகம் பூரா விளையாடுறாங்க.”

“கண்டுபிடிச்சா?”

“உள்ள ஒரு நோட்டு இருக்கும். அதுல பேரெழுதிட்டு, திரும்ப அங்கயே வெச்சிடணும்.”

“அவ்வளவுதானா? உங்க மூக்குக்கண்ணாடியை நான் தினமும் இப்படித்தான் தேடுறேன். எனக்கு எந்தக் கோளும் வழி காட்டலையே!”

பன்னீர்செல்வம் கருவியைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்துப் பார்த்தபடி நடந்தார். கருவி ஒரு கிழட்டு மரத்தைக் காட்டியது. “பத்தடி முன்ன பின்ன இருக்கும்” என்றார்.

வசந்தி வேர்ப் பொந்துக்குள் கையை விட்டாள். ஒரே நிமிடம். எவர்சில்வர் டப்பா ஒன்று வெளியே வந்தது.

“சபாஷ்! நோட்டை எடு.”

நோட்டு இல்லை. கந்தல் துணிக்குள் நான்கு வளையல், இரண்டு சங்கிலி, ஒரு ஜோடி ஜிமிக்கி. கையில் தூக்கிப் பார்த்ததுமே வசந்திக்குத் தெரிந்துவிட்டது. கவரிங் இல்லை.

“அசையாதீங்க! போலீஸ்!”

குடைக்காரர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். இந்தியில் பொரிந்து தள்ளினார். “மஃப்டியில எட்டு நாளா இந்த மரத்தைக் காவல் காக்குறேன். மூணு வீட்டு நகை இது. இன்னிக்குத்தான் வந்து மாட்டினீங்க.”

“சார், இது விளையாட்டு சார். ஒருத்தர் ஒளிச்சு வெப்பாரு, இன்னொருத்தர் வந்து எடுப்பாரு...”

“அதுக்கு எங்க டிபார்ட்மென்ட்டுல வேற பேரு.”

வசந்தி டப்பாவைக் கீழே வைத்தாள். அரசாங்க ஊழியரின் மனைவிக்கு இது தெரியாதா? நாற்பத்தெட்டு மணி நேரம் உள்ளே இருந்தால் சஸ்பென்ஷன். அடுத்த மாதம் வரவேண்டிய பிரமோஷன், மகள் கீதாஞ்சலிக்குக் கூடிவந்திருக்கும் வரன் எல்லாம் ஆற்றோடு போய்விடும்.

“என்னங்க, கைகட்டி நிக்காம உங்க டப்பாவைத் தேடிக் காட்டுங்க!”

பன்னீர்செல்வம் கருவியோடு நாலு காலில் தவழ்ந்தார். சரியாகப் பத்தடி தள்ளி, உடைந்த செங்கல்களுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா கிடைத்தது. உள்ளே ஒரு நோட்டு, பென்சில், ரப்பர் தவளை.

குடைக்காரர் நோட்டைப் புரட்டினார். தேதி, பெயர், ‘அருமையான இடம்’, ‘கொசு ஜாஸ்தி’. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அட, நெஜமாவே விளையாட்டுதான்! சரி, நல்ல குடும்பமாத் தெரியுறீங்க. போங்க. வெளியில மூச்சு விட்டுடாதீங்க, கேஸ் கெட்டுடும்.” நகைகளை அப்படியே சுருட்டித் தோள்பைக்குள் போட்டுக்கொண்டார்.

பன்னீர்செல்வம் கும்பிட்டபடியே பின்வாங்கினார். வசந்திதான் நகரவில்லை. தப்பித்த சந்தோஷமோ என்னவோ, அவள் வாய் ஓயவில்லை.

“சார், டப்பாவைப் பாத்தவங்க எல்லாரும் நோட்டுல எழுதணும். எழுதினா அமெரிக்காவுலேர்ந்து கைக்கடிகாரம் பார்சல்ல வரும்.”

“வசந்தி, அது வந்து...”

“நீங்க சும்மா இருங்க. சார் நமக்கு எவ்வளவு பெரிய உதவி பண்ணியிருக்காரு!”

“நெஜமாவே வருமா?” என்றார் குடைக்காரர்.

“பேரும் விலாசமும் சரியா இருக்கணும், அவ்வளவுதான். இவரு போன தடவை வீட்டு நம்பரை விட்டுட்டாரு, கடிகாரம் திரும்பிப் போயிடுச்சு. நீங்க எழுதினதும் நான் டப்பாவைப் பழைய இடத்துலயே மூடி வெச்சிடறேன்.”

குடைக்காரர் பென்சிலை நாக்கில் தொட்டு, நிதானமாக எழுதினார். பிறகு குடையை விரித்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே மறைந்தார்.

டப்பாவை மூடி வைத்துவிட்டு வந்த மனைவியைப் பன்னீர்செல்வம் வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தார். “கடிகாரமாம் கடிகாரம்! போலீஸ்காரர்கிட்டயே பொய்யா? உன்னைக் கூட்டிட்டு வந்தேன் பாரு... ஏய், படகுத்துறை இந்தப் பக்கம்! அங்க எங்க போற?”

வசந்தி வாசலருகே இருந்த போலீஸ் அவுட்போஸ்ட்டுக்குள் நுழைந்துவிட்டாள். டீ குடித்துக்கொண்டிருந்த சப்-இன்ஸ்பெக்டர் முழுக்கதையையும் கேட்டார்.

“மஃப்டியா? தோட்டத்துல எங்க ஆளு யாருமே இல்லையே, தீதி!” என்றார், வங்காளத்தில் அக்காவை அழைக்கிற மாதிரி.

பன்னீர்செல்வம் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“தெரியும் சார்” என்றாள் வசந்தி. “இருபத்தஞ்சு வருஷமா கவர்மென்ட் ஆளோட குடித்தனம் பண்றேன். ஒரு குண்டூசிக்குக்கூட மூணு காப்பி எழுதுவாரு. அந்தாளு அத்தனை நகையையும் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதாம எடுத்துட்டுப் போறான்!”

“அது சரி தீதி. ஆனா கல்கத்தாவுல குடை வெச்சிருக்கிற ஆளை நான் எங்கேன்னு தேடுறது?”

நோட்டைக் கிழிப்பது விதிக்கு விரோதம் என்று பன்னீர்செல்வம் பதறப் பதற, வசந்தி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் பிரித்து வைத்தாள்: “முழுப் பேரு, வீட்டு நம்பர், பின்கோடு எல்லாம் அவரே எழுதிக் குடுத்திருக்காரு, பார்சல் வர்ற வரைக்கும் வீடு மாத்த மாட்டாரு, டீயை முடிச்சிட்டே கிளம்புங்க.”