கடைசிப் பதினொரு நிமிடங்கள்

அறுபத்தோரு வருட வரலாற்றில் அந்த ஐஸ் ஹாக்கி அணி ஒரேயொரு கோப்பையைத்தான் வென்றது. அந்த இறுதியாட்டத்தின் கடைசிப் பதினொரு நிமிடங்களும் கோல் காத்தவர், பள்ளிப் பேருந்து ஓட்டும் குகமூர்த்தி. அணியின் கோல்காப்பாளர்கள் இருவரும் காயப்பட்டால் இறங்குவதற்கென்று உள்ளூர்க்காரர் ஒருவர் அரங்கில் இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்பது வருடங்களாக அவர் அப்படி இருந்தார்; யாரும் அழைக்கவில்லை. அன்று இருவருமே விழுந்தார்கள்.

“இஞ்சேரப்பா, பயமா இருக்கே?” என்று கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து மனைவி தர்மினி கத்தினாள்.

“என்ன பயம்? ஒன்பது வருஷமா இவங்கள் அடிக்கிறதைப் பாத்துக்கொண்டெல்லே இருக்கிறன்!”

அணி இரண்டு கோல் முன்னிலையில் இருந்தது. எதிரணியின் முதல் அடியே அவரைத் தாண்டி வலைக்குள் போனது. பந்துக்குப் பதிலாக அடிக்கும் அந்த ரப்பர் வட்டைக் குகமூர்த்தி தானே எடுத்து நடுவரிடம் கொடுத்தார். அடுத்து வந்த பன்னிரண்டு அடிகளையும் கையாலும் காலாலும் நெஞ்சாலும் தடுத்தார்.

ஏழு விநாடிகள் மிச்சமிருக்கையில் எதிரணித் தலைவன் வட்டைத் தள்ளிக்கொண்டு தனியாகச் சறுக்கி வந்தான். குகமூர்த்தி கோலை விட்டு முன்னே வந்தார்.

“வாடா தம்பி,” என்றார், தமிழில்.

வந்தவன் வட்டிலிருந்து கண்ணை எடுத்து அவரை நிமிர்ந்து பார்த்தான். அதற்குள் வட்டு அவன் மட்டையை விட்டு நழுவி, குகமூர்த்தியின் காலடியில் வந்து நின்றது.