மூச்சு விட்ட பிணம்

திங்கட்கிழமை காலையிலிருந்து, தொலைக்காட்சி நிலையத்தில் புகார் கேட்கும் மொரிவாகிக்கு ஒரே தலைவேதனை. முந்தின நாள் சாமுராய் தொடரில், கோட்டை வாசலில் அம்பு தைத்துச் செத்துக் கிடந்தவனின் வயிறு ஏறி இறங்கிவிட்டதாம்.

"செத்தவன் மூச்சு விடுறான். அதைக்கூடக் கவனிக்காம என்னத்தய்யா எடுக்கிறீங்க?" என்றார் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர்.

"மன்னிக்கணும் சார். சனிக்கிழமை மறுஒளிபரப்புல அதை வெட்டிடுறோம்." போனைப் பிடித்தபடியே மொரிவாகி குனிந்து வணங்கினார். இதோடு நாற்பது தடவை குனிந்தாயிற்று. இடுப்பு விட்டுப்போனது.

அடுத்து, வடக்கே அகிதா ஊரிலிருந்து ஒரு வயதான அம்மாள்.

"தம்பி, அந்தக் கோட்டை வாசல்ல கிடந்தவன்..."

"மூச்சு விட்டான். தெரியும்மா. வெட்டச் சொல்லியாச்சு. இனிமே அந்த ஆளைக் கூப்பிடவும் மாட்டோம். போதுமா?" என்று எரிந்து விழுந்தார்.

"ஐயையோ, அப்படிச் செஞ்சிடாதீங்க. சனிக்கிழமையும் அது வரணும்."

"ஊரே திட்டுது. உங்களுக்கு மட்டும் என்னம்மா?"



"நடிக்கப் போறேன்னு சண்டை போட்டுட்டுப் போன என் மகன்தான், தம்பி, அவன். ஒன்பது வருஷமா ஒரு தகவல் இல்ல. உயிரோட இருக்கான்னு நேத்து அந்த வயித்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."