மாஜிஸ்திரேட்டுக்கு வந்த தந்தி

நீதிமன்ற முற்றத்தில் கெங் என்பவனைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள்.

தந்திக் கம்பத்தை வெட்டியதற்கு எண்பது மூங்கிலடி. சாயங்கால வெயிலில் கம்பத்தின் நிழல் அவன் அம்மாவின் சமாதிமேல் குறுக்கே விழுந்தது. சமாதிமேல் நிழல் விழுந்தால் குடும்பத்துக்கு ஆகாது; எந்த மகன்தான் பொறுப்பான்?

ஐம்பதாவது அடியிலேயே போய்ச் சேர்ந்தவர்கள் அந்த ஊரில் உண்டு.

"கத்துறதா இருந்தா மொத அடிக்கே கத்திடுப்பா," என்று சேவகன் பான் குனிந்து காதில் சொன்னான். "வீராப்புக் காட்டுனா ஐயாவுக்கு ஆகாது."

ஐயா, அதாவது மாஜிஸ்திரேட் ஷென், உடனே அடிக்க விடவில்லை. முதலில் பேசினார். தந்தி என்பது சீனப் பேரரசரின் நரம்பு என்றார். அது இந்தக் கால்வாய்க்கரைக் குக்கிராமம் வரை ஓடுவது யாரால் என்று கேட்டு, பதிலையும் அவரே சொன்னார்.

கம்பத்தை மறுபடி நட்டதுமே தம்மைத் தாமே புகழ்ந்து ஆளுநருக்கு ஒரு தந்தி அடித்திருந்தார். பாராட்டிப் பதில் வரும்; வந்ததும் மூன்று முறை முரசு கொட்டி ஊர் கேட்க வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. அதற்கென்றே இருநூறு பேரைத் திரட்டி நிறுத்தியிருந்தார்.

பேச்சின் நடுவில் தந்தி குமாஸ்தா காகிதத்தோடு வந்து நின்றார். முரசு முழங்கியது.

"ஐயா, இத நீங்க தனியா..."

"சத்தமாப் படிய்யா!"

படித்தார்.

சொந்த ஊரான நிங்போவில் ஷென்னின் தகப்பனார் முந்தின இரவு காலமாகிவிட்டார். தொண்ணூற்றொரு வயது. தூக்கத்திலேயே, நோவில்லாமல்.

பெற்றவர் இறந்த சேதி காதில் விழுந்த கணமே அதிகாரி பதவியை விட்டு இறங்கி, இருபத்தேழு மாதம் துக்கம் காக்க வேண்டும். கடிதக் காலம் என்றால் சேதி வர இருபது நாளாகும். தேவைப்பட்டால் வழியில் தொலைந்தும் போகும். இருநூறு பேர் காதில் விழுந்ததை எங்கே தொலைப்பது?

ஷென் சிவப்புக் குஞ்சத் தொப்பியைக் கழற்றினார்.

தொப்பியில்லாத தலை யாரையும் அடிக்கச் சொல்ல முடியாது. பான் மூங்கிலைக் கீழே வைத்தான். புது அதிகாரி வரட்டும் என்று கெங்கின் வழக்கைப் பரணில், எலிகளின் பொறுப்பில் விட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் கெங் ஒரு கட்டு ஊதுபத்தியோடு கம்பத்துக்குப் போனான். முகம் தெரியாத அந்த நிங்போக் கிழவருக்கு நன்றி சொல்ல வேறு இடம் தெரியவில்லை. கம்பி அவர் ஊர்வரைக்கும் போகிறதாமே.

கம்பத்தடியில் பத்தி குத்த இடமில்லை. ஷென்னின் மூங்கிலை ருசி பார்த்தவர்கள் அத்தனை பேரும் மண்டியிட்டிருந்தார்கள். அதைப் பிடித்தவனும்.

"கொஞ்சம் தள்ளிக் குத்துப்பா," என்றான் பான். "நான் கோழி கூவறதுக்கு முன்னாடியே வந்தவன்."

அந்நேரம் படகுத்துறைக்குப் போக வெள்ளைத் துக்க உடையில் ஷென் அந்த வழியாக வந்தார். புகையைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார்.

"எங்கப்பாவுக்கா இதெல்லாம்?"

"ஆமாங்க ஐயா," என்றான் கெங்.

ஷென் புழுதியில் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட ஊரை வணங்கினார்.

கெங் அவரைவிடத் தாழ்ந்து வணங்கினான். அவர் அங்கே பதவியில் இருந்த நான்கு வருடத்தில் அவருக்கு அவ்வளவு மனதார யாரும் வணக்கம் வைத்ததில்லை.